தோல் தொட்டியும் டாக்டர் பட்டமும்

1952ஆம் ஆண்டில் ஜி. என். ராமச்சந்திரன் பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்து, சர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்றபோது, அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர். துறையோ அப்போதுதான் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. அந்நாட்களில் சென்னைக்கு வருகை தந்த ஜே. டி. பெர்னால் என்னும் படிகவியல் பேரறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு எவருக்கும் பிடிபடாமல் இருக்கும் விஷயத்தை அவரிடம் எடுத்துச் சொன்னார். பிராணிகளின் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருக்கும் புரதம் அது. தோல் பதனிடுதல் என்பதே அந்தக் கொலாஜனை அழுகவிடாமல் நிலைபெறச் செய்யும் வித்தைதான். முதலில் கைக்குக் கிடைத்த சுறாத் துடுப்புக் கொலாஜன் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெளிவாக விழவில்லை. பிறகு, சில ஆண்டுகளுக்கு முன்னர் அடையாற்றில் அஸ்திவாரம் இடப்பட்டிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக, கங்காருவின் வால் தசைநாண் அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்த படங்களிலிருந்து, மூன்று சங்கிலிகள் முப்புரியாக முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பு துலங்கியது; 1954இல் 'நேச்சர்' இதழ் அதை உலகுக்கு அறிவித்தது.

விஷயம் அத்துடன் முடியவில்லை. அந்த அமைப்பில் அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது என்பதை அடிப்படையிலிருந்து ஆராய்ந்துவிடுவது என்று ராமச்சந்திரன் முனைந்தார். அவரிடம் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தவர்களான சசிசேகரனும் ராமகிருஷ்ணனும், கணினி கைக்கெட்டாத அக்காலத்தில், கோணம் கோணமாகக் கணக்கிட்டு அந்தக் கேள்வியைத் தீர்த்து வைத்தார்கள். அந்தக் கணக்குகளிலிருந்து பிறந்து 1963இல் வெளிவந்த வரைபடம் 'ராமச்சந்திரன் படம்' என்ற பெயரில் இன்று உலகத்தின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும் அதைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலைப் பதனிடும் தொழிலுக்கென்று தோன்றிய ஒரு ஸ்தாபனமும், கிண்டியில் இருந்த ஒரு சர்வகலாசாலைத் துறையும், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருந்து கொண்டும் கொடுத்தும் பழகியதால் விளைந்த பயன் இது. தொழிலோடு உறவாடினால் தூய விஞ்ஞானம் கறைபட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த சமாதானம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த அண்மை தற்செயலாக அமைந்ததும் அல்ல. 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார், சர்வகலாசாலையும் ஆராய்ச்சிக் கூடமும் தொழிலும் ஒரே வளாகத்துக்குள் பழக வேண்டும் என்ற கருத்து உடையவர். அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியும், தோல் ஆராய்ச்சி நிலையமும் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அமைந்ததற்கு அவருடைய தொலைநோக்கு ஒரு முக்கிய காரணம். அதே அழகப்பர் காரைக்குடியில் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை வரவழைத்ததையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. செட்டிநாட்டு வணிகர் ஒருவர் மின்முலாம் பூசுவதிலும் உலோகம் துருப்பிடிப்பதிலும் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று தம் ஊரின் நிலத்தை எழுதிக் கொடுத்த காலம் அது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 2014-15இல் நாடு முழுவதும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 1.17 லட்சம் பேர்; 2021-22இல் அது 2.13 லட்சமாக உயர்ந்தது. அந்தத் தொகையில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களுள் தமிழ்நாடு ஒன்று என்பது நமக்குப் பெருமைதான். ஆனால், இத்தனை பேரும் எதற்காக ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் மனத்தில் உள்ள விடை ஒன்றே: கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. அந்த வேலைகளோ விரல் விட்டு எண்ணத்தக்கவை. விளம்பரம் வரும்போது நூறு இடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. கிடைக்காதவர்கள் சுயநிதிக் கல்லூரிகளில், ஆராய்ச்சிக்கு முன்பே கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்துக்கு, மணிக்கணக்கில் பாடம் எடுத்துக் களைக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டு இளமையைச் செலவிட்டு ஒரு விஷயத்தில் ஆழ்ந்த ஞானம் பெற்ற ஒருவரை வெளியுலகம் அறியாது. வெளியுலகத்தில் தம் ஞானத்துக்கு எங்கே வேலை இருக்கிறது என்பதை அவரும் அறியார். மறுபுறம், ஆராய்ச்சிக்காக இந்தியா செலவிடுவது தேசிய வருமானத்தில் 0.64 சதவீதம், அதிலும் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. தொழிலுக்கு ஆராய்ச்சியாளரின் தேவை தெரியவில்லை. ஆராய்ச்சியாளருக்குத் தொழிலின் கேள்விகள் தெரியவில்லை. இந்த இரட்டை அறியாமைதான் இக்கட்டுரையின் கவலை.

பிற நாடுகளில் இந்த உறவு எவ்வாறு வளர்ந்தது என்று பார்த்தால், அதன் வன்மையும் அபாயமும் ஒருங்கே புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியச் சாயத் தொழிற்சாலைகள், சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டம் பெற்ற ரசாயனிகளை வரிசை வரிசையாக வேலைக்கு அமர்த்தின. பேராசிரியர்களின் ஆராய்ச்சிக் கூடங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. அடால்ஃப் வான் பேயர் 1880இல் அவுரியின் நீலச் சாயத்தைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார். ஆராய்ச்சிக் கூடத்தில் சாத்தியமான அதைச் சந்தைக்குரிய சரக்காக்க பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்துக்கு மேலும் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. முதல் உலக யுத்தம் தொடங்குவதற்குள் இந்தியாவின் அவுரிச் சாகுபடி அநேகமாகப் படுத்துவிட்டது. பீகாரில் விவசாயிகளை வருத்திய தோட்ட முதலாளிகளுக்காக நாம் இரங்க வேண்டியதில்லை. என்றாலும், நம் தென்னாற்காட்டிலும் அவுரித் தொட்டி வைத்துப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. அந்தத் தொட்டிகளை வறளச் செய்தது ஓர் ஆயுதமோ வரியோ இல்லை. சர்வகலாசாலைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஏற்பட்ட ஓர் ஏற்பாடு. அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லாத நாடு, தன் விளைபொருள் ஏன் விலைபோகவில்லை என்பதைக்கூட அறியாமல் நின்றது.

நம் நாட்டிலும் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் பிறந்து மான்செஸ்டரில் பயின்ற கே. வெங்கடராமன், 1933இல் தோன்றிய பம்பாய்ச் சர்வகலாசாலையின் ரசாயனத் தொழில்நுட்பத் துறைக்குத் தலைவராக இருந்து, சாயங்களின் ரசாயனத்தில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். மேற்கிந்தியாவின் சாயத் தொழிலும் மருந்துத் தொழிலும் அந்தத் துறையின் மாணவர்களால் எவ்வளவு வளர்ந்தன என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

தற்கால ஏற்பாடுகளில் நான் மிகவும் மதிக்கத்தக்கதாகக் கருதுவது டென்மார்க்கின் தொழில்துறை டாக்டர் பட்டம். 1971இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், ஆராய்ச்சி மாணவர் ஒரு நிறுவனத்தின் சம்பளக்காரர். அதே சமயத்தில் ஒரு சர்வகலாசாலையின் பதிவு பெற்ற மாணவர். நிறுவனத்தில் ஒருவரும் சர்வகலாசாலையில் ஒருவருமாக இரண்டு நெறியாளர்கள். மூன்று ஆண்டுகள்; பொழுது இரு இடங்களுக்கும் பகிர்ந்து அளிக்கப்படும்; சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். காலப்போக்கில் அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் இதில் சேர வழி செய்யப்பட்டது. பிரான்ஸ் 1981இல் ஏற்படுத்திய சிஃப்ர் என்ற ஏற்பாடும் இதைப் போன்றதே. அங்கே கம்பெனிகளோடு நகராட்சிகளும் தொண்டு சங்கங்களும்கூட ஆராய்ச்சி மாணவரை வேலைக்கு அமர்த்தி, அரசின் மானியத்தைப் பெறலாம். இந்த இரண்டிலும் என் மனத்தைக் கவர்வது ஓர் அம்சம்: மாணவருக்குக் கிடைப்பது உபகாரச் சம்பளம் இல்லை, உழைப்புக்குரிய ஊதியம், அவர் கைகட்டி நிற்பவரும் இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மூன்றாவது தரப்பினர். உதவித்தொகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் வந்ததுதான் என்று வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கி நிற்கும் நம் ஆராய்ச்சி மாணவர்களை அறிந்தவர்களுக்கு, இந்த வேறுபாட்டின் பெருமை விளங்கும்.

ஆயினும், பணம் கொடுப்பவர் கேள்வியையும் விலைக்கு வாங்கிவிடக் கூடும் என்ற அச்சம் வெறும் பிரமை ஆகாது. கலிபோர்னியாச் சர்வகலாசாலையின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் பெட்டி டாங் என்ற மருந்தியல் அறிஞர், தைராய்டு குறைபாட்டுக்கான ஒரு மருந்தை அதன் விலை குறைந்த மாற்று மருந்துகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த மருந்தைத் தயாரித்த பூட்ஸ் நிறுவனமே அந்த ஆராய்ச்சிக்குச் செலவு செய்தது. மாற்று மருந்துகளும் அதே பலனைத் தருகின்றன என்று முடிவு வந்தது. நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பிரசுரிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாசகத்தைக் காட்டி, 1995இல் அச்சுக்குப் போகவிருந்த கட்டுரை நிறுத்தப்பட்டது. 1997இல்தான் அது அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அனுபவம் மிக்க ஒரு பேராசிரியைக்கே இந்தக் கதியென்றால், ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் பிழைப்பு என்ற நிலையில் இருக்கும் இருபத்தாறு வயது மாணவி என்ன செய்வாள்? தொழில்துறையோடு கைகோக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். காப்புரிமைக்காக ஆறு மாதமோ ஓராண்டோ ஆய்வேட்டை மறைத்து வைக்க நிறுவனம் கேட்பது நியாயமாக இருக்கலாம். உண்மையை என்றைக்குமாக மறைத்து வைக்க எந்த ஒப்பந்தமும் இடம் கொடுக்கக் கூடாது.

இனி, இந்த விவாதத்தில் அநேகமாக எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சர்வகலாசாலைக்கு வெளியே உள்ள துறைகள் என்று சொன்னவுடன் நம் அதிகாரிகளின் மனத்தில் பெரிய கம்பெனிகளே தோன்றுகின்றன. மத்திய அரசும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் சேர்ந்து தொடங்கிய பிரதம மந்திரி ஆராய்ச்சி உதவித் திட்டத்தில், அரசு கொடுக்கும் தொகைக்குச் சமமான தொகையை நிறுவனமும் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அப்படிக் கொடுக்க வல்லவர் யார்? 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியம், ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாயை உத்தேசிக்கிறது. அதில் 36,000 கோடி அரசல்லாத மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பணம் வரும் இடத்திலிருந்துதான் கேள்வியும் வரும். தரமணியில் சென்னை ஐ.ஐ.டி. 2010இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பூங்காவில், இடம் எடுத்துள்ள கம்பெனிகள் ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து புள்ளிகள் ஈட்டியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பதோடு நின்றுவிடாமல் பழக வைக்கும் அந்த விதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், அந்தப் பூங்காவுக்குள் வாடகை கொடுத்துக் குடியேற முடியாதவர்களின் கேள்விகளை யார் கேட்பது?

பாலாற்றங்கரைக்குப் போவோம். வாணியம்பாடியில் தோல் ஷாப்பு ஒன்றினுள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது உப்பு. அழுகாமல் இருப்பதற்காகக் கல்லுப்பில் புரட்டி வந்த பச்சைத் தோலைத் தொழிலாளி இரு கையாலும் பிடித்து உதறுவார். காலடியில் ரத்தக்கறை படிந்த உப்பு குவியும். உதறியும் போகாத உப்பு ஊறல் தொட்டித் தண்ணீரில் கரையும். பிறகு சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டியில் மயிர் கழன்று, சதை சீவப்பட்டு, அமிலமும் மறுபடி உப்பும் ஏறி, மரத்தாலான பெரிய டிரம்மில் குரோமோடு உருண்டு, வெளிறிய நீல நிறத்தில் வெளியே வரும். அதை அங்கே 'வெட் ப்ளூ' என்பார்கள். முன்னோர் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்துச் செய்ததைக் குரோம் ஒரு நாளைக்குள் செய்துவிடுகிறது. குரோமைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்க வழி தெரியும். தோல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு முறைகள் கண்டிருக்கிறது. கரைந்த உப்பு அப்படி எளிதில் பிரியாது. அது எந்தச் சுத்திகரிப்புத் தொட்டியிலும் படியாமல், ஆற்று மணல் வழியாகக் கிணற்றுக்கு இறங்குகிறது.

வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியதற்காகச் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அதை நான் வேறொரு காரணத்துக்காக வாசிக்கச் சொல்வேன். அதில் எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு, திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பது. அந்தக் கிணறுகளை எண்ணியது ஒரு தொண்டு நிறுவனம். தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ பகுதியாகவோ பாழானது என்று கண்டது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். ஒரு தொண்டு நிறுவனமும் ஒரு சர்வகலாசாலை மையமும் திரட்டிய விவரங்கள் நீதிமன்றத்தின் கையில் சான்றாக அமைந்தபோது, நாட்டின் சட்டம் ஓர் அடி முன்னே சென்றது. ஆராய்ச்சிக்கும் வெளியுலகத்துக்கும் இடையிலான கூட்டுறவு என்றால் என் மனத்தில் முதலில் எழுவது இந்தக் காட்சிதான். இதில் கம்பெனி எதுவும் பணம் போடவில்லை, போட்டிருக்கவும் மாட்டாது.

தீர்ப்புக்குப் பின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின; எதிர் சவ்வூடுபரவலும் ஆவியாக்கிகளும் வந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அங்கும் அவ்வாறே. நொய்யலுக்கும் பாலாற்றுக்கும் கழிவுநீர் போகக் கூடாது என்பது விதி. தண்ணீரை எல்லாம் ஆவியாக்கினால் அடியில் மிஞ்சுவது பல உப்புகள் கலந்த ஒரு பழுப்புத் தூள். அதை விற்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது. சாக்கு மூட்டைகளில் கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், மழை வந்தால் கரைந்து போய்விடுமே என்ற பயத்தோடு. இந்த மூட்டைகளுக்குள் இருப்பது குறைந்தது பத்து டாக்டர் பட்டங்களுக்குரிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உப்புகளைக் குறைந்த எரிபொருளில் எவ்வாறு பிரிப்பது, உப்பே போடாமல் பச்சைத் தோலை இறைச்சிக் கூடத்திலிருந்து எவ்வாறு கொண்டுவருவது, செலவைச் சிறு ஷாப்புக்காரர்களிடையே எவ்வாறு பகிர்வது, கிணறு கெட்ட விவசாயிக்கு ஈட்டுத்தொகையை எவ்வாறு கணக்கிடுவது என்று ரசாயனமும் பொறியியலும் பொருளாதாரமும் சட்டமும் ஒன்றுகூடி நிற்கும் கேள்விகள் இவை. இவற்றில் முதல் இரண்டையாவது ஆராய்வோர் இருக்கிறார்கள். பின்னிரண்டைத் தொடுவோரைத் தேட வேண்டியிருக்கிறது. காரணம் சுலபமானது: அந்தக் கேள்வியை உடைய சிறு ஷாப்புக்காரருக்கும் விவசாயிக்கும் சர்வகலாசாலையின் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது, தட்டினாலும், சமபங்கு தொகை எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும்.

விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) கீழ் இயங்கும் அக்ஸிர் என்ற பட்டமளிப்பு நிறுவனத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், தம் ஆய்வுப் பொருளுக்குப் புறம்பாக, ஆறு முதல் எட்டு வாரங்கள் கிராமப்புறம் சார்ந்த ஒரு பிரச்சினையில் வேலை செய்ய வேண்டும். கருத்து உயர்ந்தது, அவகாசம் போதாது. எட்டு வாரத்தில் ஒரு கிராமத்தின் பெயரையும் அதன் தண்ணீரின் ருசியையும் அறியலாம். கோடையிலும் மழையிலும் அந்தத் தண்ணீர் எப்படி மாறுகிறது என்பதை அறிய முடியாது. பட்டத்தின் ஓரத்தில் ஒட்டவைத்த கடமையாக இருக்கும் அந்த வேலை, பட்டத்தின் பொருளாகவே ஆக வேண்டும்.

தொழிலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இலக்கியமும் சரித்திரமும் படிப்பவர்களுக்கு இதில் இடமில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். பிரிட்டனில் 2005 முதல் கலைத்துறை ஆராய்ச்சி மன்றம், காட்சிசாலைகளும் ஆவணக் காப்பகங்களும் சர்வகலாசாலையோடு கூட்டாக நடத்தும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிகளுக்கு உதவி வருகிறது; காட்சிசாலையின் நிலவறையில் பட்டியலிடப்படாமல் கிடக்கும் பொருள்களே அங்கே ஆய்வேட்டின் பொருளாகின்றன. நமக்கு எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் விளம்பரத் தாள்களும் தரமணியில் ஒரு நூலகமாகக் காக்கப்படுகின்றன. மாநிலத் தொல்லியல் துறை கீழடியில் கண்டெடுத்தவற்றுள் கரித்துண்டுகள் காலக்கணிப்புக்கு அமெரிக்காவுக்கும், எலும்புகள் புனேயிலுள்ள டெக்கான் கல்லூரிக்கும் சென்றன. நிபுணத்துவம் எங்கிருந்தாலும் தேடிப் போவது சரியே. ஆனால், அடுத்த தலைமுறையில் அந்த எலும்புகளைப் படித்துச் சொல்லக்கூடியவர் மதுரையிலேயே இருக்க வேண்டுமானால், அகழாய்வுக் குழியில் நிற்கும் துறையும் வகுப்பறையில் நிற்கும் சர்வகலாசாலையும் இன்றே சேர்ந்து ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுச் சம்பளம் கொடுத்து வளர்க்க வேண்டும்.

இதற்கு விதிகள் குறுக்கே நிற்கின்றனவா என்று பார்த்தால், அதுவும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள் பகுதிநேர டாக்டர் பட்டத்துக்கு இடம் தருகின்றன. பட்டத்துக்கு முன் இதழ்களில் கட்டுரை பிரசுரித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் எடுக்கப்பட்டுவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களின் பிடியிலிருந்து மாணவர்களை விடுவித்த நல்ல காரியம் அது. எஞ்சி நிற்பது மனத்தடை ஒன்றே. கைடு என்று மாணவர்கள் அழைக்கும் நெறியாளர், தாம் செய்த ஆராய்ச்சியின் ஒரு கிளையை மாணவருக்குக் கொடுப்பதும், மாணவர் அதன் ஒரு சுள்ளியைத் தம் மாணவருக்குக் கொடுப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு கேள்வியை ஏற்றுக்கொள்வதற்கு நெறியாளருக்கே ஒருவகைத் துணிவு வேண்டும். ஏனெனில், அந்தக் கேள்விக்கு விடை அவருக்கும் தெரியாது. சிரமத்தை உணர்ந்தே சொல்கிறேன்: அந்தத் துணிவு இல்லாத இடத்தில் டாக்டர் பட்டம் என்ற பெயருக்கே நியாயம் இல்லை. ராமச்சந்திரனுக்குக் கொலாஜனின் அமைப்பு முன்பே தெரிந்திருக்கவில்லை.

ஆகவே, தமிழ்நாடு அரசு ஒரு காரியம் செய்யலாம். ஆண்டுக்கு நூறு ஆராய்ச்சி மாணவர்களை, சமபங்கு தொகை கொடுக்க இயலாத இடங்களுக்கென்றே தேர்ந்தெடுக்க வேண்டும்: பாலாற்றங்கரையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், திருப்பூர்ச் சாயப்பட்டறைச் சங்கம், சிவகாசியின் சிறு அச்சகங்கள், காஞ்சிபுரம் நெசவாளர் கூட்டுறவு சங்கம், மாவட்டத் தலைமை மருத்துவமனை, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு, ஆவணக் காப்பகம், ஒரு கடலோர மீனவர் சங்கம். கேள்வியை அந்த இடம் எழுதித் தரட்டும். அது ஆராய்ச்சிக்குரிய கேள்விதானா என்று சர்வகலாசாலை தீர்மானிக்கட்டும். வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. இரண்டு நெறியாளர்களில் ஒருவர் அந்த இடத்தில் வேலை செய்பவர். அவருக்கு டாக்டர் பட்டம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம், முப்பது ஆண்டு டிரம் ஓட்டிய மேஸ்திரியும் ஒரு நெறியாளராகலாம். ஆய்வேடு எவருடைய சம்மதத்துக்கும் காத்திராமல், அதிகபட்சம் ஓராண்டு தாமதத்துக்குப் பின் பொதுநூலகத்தில் வைக்கப்படும் என்பதும், அதன் சாரம் அந்த ஊர் மக்களுக்குத் தமிழில் எழுதித் தரப்படும் என்பதும் ஒப்பந்தத்தின் முதல் இரண்டு வாசகங்களாக இருக்கட்டும்.

செலவு எவ்வளவு? இன்று மத்திய அரசு இளநிலை ஆராய்ச்சியாளருக்குக் கொடுப்பது மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. அதே விகிதத்தில் வைத்துக்கொண்டால், வீட்டு வாடகைப் படி நீங்கலாக, ஒருவருக்கு மூன்று ஆண்டுகளில் 13 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய் ஆகும். நூறு பேருக்கு 13 கோடியே 92 லட்சம். நாலாவது ஆண்டும் தேவைப்பட்டால் மேலும் 5 கோடியே 4 லட்சம். அழகப்பச் செட்டியார் தம் ஊர் நிலத்தையும் பணத்தையும் ஒருசேரக் கொடுத்த மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இந்தத் தொகைக்கு இடம் தேடுவது கஷ்டமான காரியம் இல்லை. உயர்கல்வித் துறையும் சிறுதொழில் துறையும் சேர்ந்து இதை ஏற்றால், வருகிற கல்வியாண்டின் சேர்க்கையிலேயே முதல் நூறு பேரின் பெயரைப் பதியலாம். அவர்களில் ஒருவரையாவது வாணியம்பாடியில் அடுக்கி வைத்திருக்கும் அந்த உப்பு மூட்டைகளை ஆராய அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.